பூட்டிய வீட்டைத் திறந்த நாள்

சுகாதார ஆய்வாளராக நான் காரைக்குடிப் பக்கத்துக்கு மாறுதலாகி வந்தபோது, என் பொறுப்பில் கொடுத்த இடங்களில் பாதி, அரசாங்க வரைபடத்தில் இன்னும் வயலாகவே இருந்தது. நேரில் போனால் அங்கே வீடுகள் நின்றன. கடலை போட்ட செம்மண் காட்டில் கல் ஊன்றி, கொடி கட்டி, முகப்பில் ஒரு வளைவு வைத்து, ஏதோ ஒரு சாமி பெயரோடு ‘நகர்’ என்று சேர்த்து எழுதியிருந்தார்கள். நான் கண்டரமாணிக்கம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். ஒரு காட்டைப் பார்த்தால் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்று சொல்லிவிடுவேன். மனை போட்டவர்கள் அதையெல்லாம் யோசிக்கவில்லை. கண்மாய்க்குத் தண்ணீர் போகும் கால்வாயைத் தூர்த்து அதன் மேல் சாலை போட்டிருந்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்து, வழி இல்லாமல் வீட்டு வாசல்களில் உட்கார்ந்துகொண்டது.

நான் சொல்லவரும் நகரும் அப்படி ஒன்றுதான். பழைய ஊரின் கடைசித் தெருவில் ஒரு பெரிய செட்டிநாட்டு வீடு இருந்தது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும் வீடு. பல வருஷமாகப் பூட்டியே கிடந்தது. அதன் பின்சுவரைத் தாண்டினால் புது நகர் தொடங்கிவிடும். முதல் வரிசை வீடுகள் எல்லாம் அந்தச் சுவரைப் பார்த்தபடி இருந்தன. ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், சிங்கப்பூரிலும் துபாயிலும் பிள்ளைகளை வைத்திருந்தவர்கள், ஒக்கூர், தேவகோட்டைப் பக்கங்களில் நிலத்தை விற்றுவிட்டு வந்தவர்கள் என்று பலரும் அங்கே வீடு கட்டியிருந்தார்கள்.

அந்த இடம் ஊராட்சியைச் சேர்ந்ததா, டவுனைச் சேர்ந்ததா என்பது அப்போது முடிவாகவில்லை. சேர்க்கப்போகிறார்கள் என்று பேச்சு மட்டும் இருந்தது. குப்பையை அள்ளச் சொன்னால், “அது இனிமே டவுன்ல சேரப்போற எடம் சார்” என்று ஊராட்சியில் சொல்வார்கள். டவுனில் கேட்டால், “சேர்ந்ததும் சொல்லுங்க, செஞ்சிரலாம்” என்பார்கள். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வந்தபோது பிடித்து வைத்துக்கொள்ள எல்லா வீட்டிலும் டிரம் இருந்தது, மாடியில் தொட்டி இருந்தது, வாசலுக்குக் கீழே தரைக்குள் சிமெண்டால் கட்டிய சம்ப் இருந்தது. எங்கள் தொழிலில் அந்த நல்ல தண்ணீர்தான் பயம். சாக்கடைக் கொசு டெங்குவைத் தராது. நாம் மூடி வைத்துக் காப்பாற்றுகிற தண்ணீரில் முட்டையிட்டு, பகலில் கடிக்கிற கொசுதான் தரும்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் காய்ச்சல் தொடங்கியது. முதலில் கண்டது, நகரின் ஓரத்தில் கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருந்த ஒடிசாக்காரர்களிடம். நாங்கள் ரத்தம் எடுத்து அனுப்பினோம். டெங்கு என்று முடிவு வந்து நான் திரும்பிப் போனபோது கொட்டகை காலியாக இருந்தது. இவர்களால்தான் நோய் வருகிறது என்று நகர்க்காரர்கள் சத்தம் போட்டதில் மேஸ்திரி பயந்துபோய் எல்லோரையும் ரயிலேற்றிவிட்டிருந்தார். உடம்பில் காய்ச்சலோடு அவர்கள் எந்தெந்த ஊரில் இறங்கினார்களோ, என்ன ஆனார்களோ. விசாரிக்க எனக்கு ஒரு வழியும் இல்லை. கொட்டகைக்குள் ஒரு கொடியில் சின்னச் சட்டை ஒன்று மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

அவர்கள் போன பிறகு காய்ச்சல் நகருக்குள் வந்தது.

நகரில் ஒருவரைத் தலைவர் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்று உயரம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டு, ஆள் வரும்வரை கம்பத்தடியிலேயே நிற்பவர். அவருடைய மகன் சிங்கப்பூரில் இருந்தார். வீட்டில் அவர், மருமகள், இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, இந்த மூன்று பேர்தான். மனைவி முன்பே தவறிப்போனார்.

அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காய்ச்சல் பரவியதும் தெருவில் கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளை அவரேதான் குனிந்து குனிந்து பொறுக்கினார். தன் வீட்டு வாசலில் அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் நிலவேம்புக் கஷாயம் காய்ச்சித் தெருவுக்கே ஊற்றினார். எங்கள் அலுவலகத்தில் யாரும் அவர் அளவுக்கு அலையவில்லை. ஆனால் காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பூட்டிய வீடு. உள்ளே வானத்தைப் பார்த்துத் திறந்த முற்றத்தோடு வளவுகள் மூன்று. ஓடு உடைந்திருக்கும், தண்ணீர் போகும் வழி அடைத்திருக்கும், வருஷக்கணக்கில் மழை விழுந்து உள்ளே குளமாகக் கிடக்கும். அவர் சொன்னதைக் கேட்டால் நமக்கே அந்தக் குளம் கண்ணில் தெரியும். நகர் முழுக்க அதை நம்பியது. நானும் நம்பினேன்.

என்னோடு வேலை பார்த்த பெண், கொசுப்புழு ஒழிக்கத் தினக்கூலிக்கு எடுக்கப்பட்டவர். எங்கள் பேச்சில் மஸ்தூர் என்போம். வீடு வீடாகப் போய்த் தொட்டி, டிரம், பூந்தொட்டி எல்லாம் பார்த்து, புழு இருந்தால் மருந்து ஊற்றுவது அவர் வேலை. ஒரு நாள் காலையிலேயே திரும்பி வந்துவிட்டார்.

“தலைவர் வீட்டுல சம்ப்பைத் தொறக்க விட மாட்டேங்குறாக சார். அவுகளைப் பாத்து அந்த வரிசையில ஒருத்தரும் தொறக்கல.”

நான் போனேன். வாசலில் தரைக்குச் சமமாகக் கருங்கல் பலகை போட்டு சம்ப்பை மூடியிருந்தார். அதன் மேல் அவருடைய ஸ்கூட்டர் நின்றது. என்னை உட்காரவைத்து, மருமகளிடம் சொல்லிக் காபி வரவழைத்துவிட்டுத்தான் பேசினார்.

“சார், நான் ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்கக் கூடாது. எங்க வீட்டுக் குடத்தைக் கவுத்துப் பாக்குறீக. பூந்தொட்டியைக் கவுத்துப் பாக்குறீக. பிரிட்ஜுக்குப் பின்னால டார்ச் அடிச்சுப் பாக்குறீக. அந்தா நிக்கிது பாருங்க வீடு, அதுக்குள்ள ஒரு வாட்டி எட்டிப் பாத்தீகளா?”

“பூட்டிக் கெடக்கு சார். சாவிக்கு ஏற்பாடு பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“பண்ணுங்க. அதைத் தொறந்து மருந்து ஊத்திட்டு இங்குட்டு வாங்க. எங்க வீட்டுத் தொட்டியை நானே தொறந்து விடுறேன். அதுவரைக்கும் யாரும் தொட வேணாம்னு சொல்லியிருக்கேன். எனக்காகச் சொல்லல சார். எங்கள மாதிரி ஆளுக வீட்டுக்குள்ள மட்டும்தான் கவர்மெண்டு நுழையும்னு இருக்கக் கூடாதுல்ல?”

எனக்கு அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. நோட்டீஸ் கொடுத்துத் திறக்கவைக்க எனக்கு அதிகாரம் உண்டு. கொடுத்திருந்தால் மறுநாளிலிருந்து அந்தத் தெருவில் எந்த வாசலும் எனக்குத் திறந்திருக்காது. காய்ச்சல் கண்ட பிள்ளையைக்கூட மறைத்துவிடுவார்கள். அதனால் பூட்டைத் திறக்கும் வேலையில் இறங்கினேன்.

முன்வாசலில் ஒரு காவல்காரர் இருந்தார். அவரிடம் முகப்புச் சாவி மட்டும்தான். முகப்பைத் தாண்டியதும் தேக்குமரத்தில் நடுக்கதவு. அதில் வரிசையாக மூன்று பூட்டுகள் தொங்கின. பங்காளிகள் மூன்று பேர், ஆளுக்கு ஒரு பூட்டு. ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், மூன்றாம் பங்குக்கு உரிய ஆச்சி கோயம்புத்தூரில் மகள் வீட்டில். வீட்டை ஹோட்டலுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதில் தகராறாகி, நீதிமன்றம் வரை போயிருந்தது. மூன்று பேருக்கும் போன் செய்தேன். ஆச்சி மட்டும்தான் நிதானமாகப் பேசினார்.

“நானும் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவதான் தம்பி. புள்ளைகளுக்குக் காய்ச்சல்னு கேட்டா மனசு சங்கடமா இருக்கு. ஆனா பூட்டைத் தொட்டா நம்ம பக்கம் கேஸு நிக்காதுன்னு வக்கீல் சொல்றாரு. அவுக ரெண்டு பேரும் மொதல்ல தொறக்கட்டும், நான் மறுநாளே ஆளை அனுப்புறேன்.”

மற்ற இருவரும் இதையே வேறு குரலில் சொன்னார்கள். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. அடுத்தவர் முதலில் திறக்கட்டும் என்றார்கள். வருவாய்த்துறை அலுவலகத்துக்குப் போனேன். வழக்கில் இருக்கும் சொத்து, யோசித்துச் செய்ய வேண்டும் என்றார்கள். யோசித்துக்கொண்டே இருந்தார்கள். இதற்கிடையில் புகை மருந்து வண்டி மட்டும் ஒரு நாள் வந்து தெருவெல்லாம் வெள்ளைப் புகையைப் பரப்பிவிட்டுப் போனது. புகையைப் பார்த்தால் மக்களுக்கு நிம்மதி. பறக்கிற கொசுவில் கொஞ்சம் சாகும். தண்ணீருக்குள் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. அது எங்களுக்கும் தெரியும், வண்டியை அனுப்பியவர்களுக்கும் தெரியும்.

நகரின் முகப்பு வளைவுக்குக் கீழே காய்ச்சல் முகாம் நடத்தினோம். தலைவரின் பேத்தி அங்கே தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்போது அவளுக்கு ஒன்றும் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தாள். நான் பாட்டிலில் வைத்திருந்த கொசுப்புழுவை வெகுநேரம் பார்த்தாள்.

“இதுக்குக் காய்ச்சல் வருமா அங்கிள்?”

“கொசுவுக்கு வராதும்மா. நமக்குத்தான் வரும்.”

“அதுக்கு மட்டும் ஏன் வராது?”

சிரித்துச் சமாளித்தேன். தலைவர் பெருமையாக, “இப்படித்தான் சார் வீட்டுலயும், கேள்வியாக் கேட்டுக் கொன்னுருவா” என்றார்.

அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையில் காட்டி, மருந்து வாங்கி, வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். கொதித்த உடம்பு நாலைந்து நாளில் குளிர்ந்தது. தலைவர் எனக்குப் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“காய்ச்சல் விட்டுருச்சு சார். இட்லி கேட்டுச் சாப்பிட்டா.”

“சார், டெங்குல காய்ச்சல் விட்ட பெறகுதான் கவனமாப் பாக்கணும். உடனே கூட்டிட்டுப் போய் ரத்தம் ஒரு தடவை பாத்துருங்க.”

“நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போயிர்றேன் சார். இப்பத்தான் அசந்து தூங்குறா.”

நான் இன்னும் அழுத்திச் சொன்னேன். சரி என்றார். அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் வயிறு வலிக்கிறது என்று பிள்ளை அழுதிருக்கிறாள். கையும் காலும் சில்லிட்டுப் போயின. காரைக்குடியில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரையில் எவ்வளவோ செய்து பார்த்தார்கள். சிங்கப்பூரிலிருந்து அவளுடைய அப்பா வந்து சேர்ந்தபோது, வாசலில் பந்தல் போட்டிருந்தது.

அடக்கம் முடிந்ததும் நகரே திரண்டு அந்தப் பூட்டிய வீட்டின் முன்னால் சாலையில் உட்கார்ந்துவிட்டது. அந்த வீடுதான் பிள்ளையைக் கொன்றது என்று பெண்கள் மண்ணை அள்ளிக் கதவில் எறிந்தார்கள். தலைவர் கத்தவில்லை. கூட்டத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். காவல்காரர் பயந்துபோய் உள்ளே தாழ்போட்டுக்கொண்டார். அதுவரை யோசித்துக்கொண்டிருந்த அலுவலகங்கள் அன்றைக்கு ஒரே நேரத்தில் ஓடிவந்தன. வீட்டைத் திறக்க உத்தரவு வாங்கித் தருவதாகச் சொல்லிச் சமாதானம் செய்தார்கள்.

சாவு நேர்ந்த வீட்டையும் சுற்றியுள்ள வீடுகளையும் நாங்கள் கட்டாயம் பார்த்தாக வேண்டும். தலைவரும் மகனும் கலெக்டரிடம் மனுக் கொடுக்கச் சிவகங்கைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் நானும் மஸ்தூர் பெண்ணும் போனோம். மருமகள் மட்டும்தான் இருந்தார். தேவகோட்டையில் பிறந்த பெண், முப்பது வயது இருக்கும். தலை சீவாமல், ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அது பிள்ளையின் துண்டு. பூப்போட்டிருந்தது.

“என்ன பாக்கணும் சார்?”

“தண்ணி இருக்குற எல்லாத்தையும் பாக்கணும்மா. சம்ப்பையும் பாக்கணும். வேணாம்னா சொல்லுங்க, போயிர்றேன்.”

அவர் ஸ்கூட்டரின் ஸ்டாண்டை எடுத்து நகர்த்தினார். நானும் மஸ்தூர் பெண்ணும் கடப்பாரையால் நெம்பிக் கல்லைத் தூக்கினோம். நல்ல கனமான கல், சுற்றிலும் பூச்சு. மேலே ஓர் ஊசி நுழைய இடமில்லை. ஆனால் தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில் உள்ளங்கை அளவுக்குப் பூச்சு பெயர்ந்து ஓட்டையாக இருந்தது. டார்ச் அடித்தேன். வெளிச்சம் பட்டதும் தண்ணீரின் மேற்பரப்பு முழுக்கத் துடித்துத் துடித்து அடியில் இறங்கியது. என் வேலையில் எத்தனையோ தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவு புழுவை ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

அவர் என் பக்கத்தில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார்.

“இது என்ன சார்?”

மஸ்தூர் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் டார்ச்சை அணைத்தேன்.

“அணைக்காதீக. காட்டுங்க.”

மறுபடி அடித்தேன். வெகுநேரம் பார்த்தார்.

“இதுதானா?”

“அப்படிச் சொல்ல முடியாதும்மா. இந்தக் கொசு வீடு வீடாப் போகும். எங்கருந்து வேணா வந்திருக்கலாம்.”

“தெனமும் காலையில இங்க உக்காந்துதான் அவளுக்குத் தலை பின்னுவேன். வெளிச்சமா இருக்கும்னு.” சம்ப்பின் ஓரத்தில் இருந்த படியைக் கையால் தடவினார். அழவில்லை. “மாமாகிட்டச் சொல்லிராதீக சார்” என்றார்.

“அம்மா...”

“அவுகதான் தொறக்கக் கூடாதுன்னு சொன்னாக. இது தெரிஞ்சா அவுக உசுரோட இருக்க மாட்டாக. இந்த வீட்டுலருந்து இன்னொண்ணைத் தூக்கிக் கொடுக்க எனக்குத் தெம்பு இல்ல.”

மருந்தை ஊற்றினோம். ஓட்டையை இருக்கிற சிமெண்டைக் குழைத்து அடைத்தோம். கல்லை மூடினோம். மருமகளே ஸ்கூட்டரை இழுத்து அதன் மேல் நிறுத்தினார். நானும் மஸ்தூர் பெண்ணும் தெருமுனைவரை நடந்தோம். அங்கே வந்ததும் அவர், “எனக்கும் பொம்பளப் புள்ள இருக்கு சார். நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்” என்றார்.

அதற்குப் பிறகுதான் என் கஷ்டம் தொடங்கியது. அந்த வரிசையில் மற்ற வீட்டு சம்ப்புகளும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தலைவர் வீட்டுத் தொட்டியில் கண்டதைச் சொன்னால் ஒரே நாளில் எல்லோரும் திறந்துவிடுவார்கள். அதைச் சொல்ல முடியாது. பொதுவாகப் பேசினால், “பிள்ளையக் கொன்ன வீட்டை விட்டுட்டு எங்ககிட்ட வந்து நிக்கிறீகளே, வெக்கமா இல்லையா?” என்றார்கள். சில வீடுகளில் கெஞ்சினேன். சில வீடுகளில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் திருடனைப் போல மாடியேறி மருந்து ஊற்றினோம். ஒவ்வொரு காலையும் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த நகரின் பெயரோடு புதிதாக ஒரு காய்ச்சல் செய்தி வரும். இன்றைக்கு யார் வீடு என்று கேட்கவே பயமாக இருக்கும். ஆண்டவன் புண்ணியமோ என்னவோ, சாவு மட்டும் வேறு விழவில்லை. மார்கழிப் பனி வந்தால் கொசு தானாக அடங்கும் என்று நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நோயைக் கட்டுப்படுத்துவது என்று நாங்கள் சொல்வதில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்புதான்.

ஒருவழியாக வீட்டைத் திறக்க உத்தரவு வந்தது. தாசில்தார், போலீஸ், மூன்று பங்காளிகளின் வக்கீல்கள், சங்கத்தின் சார்பில் தலைவர், மருந்துத் தெளிப்பானோடு நாங்கள். முந்தின நாள் நல்ல மழை. மூன்று பூட்டும் ஒவ்வொன்றாகத் திறந்தன. கதவு உள்வாங்கியதும் வௌவால் எச்சத்தின் நெடி முகத்தில் அடித்தது. எங்களுக்கு முன்னால் தலைவர் நடந்தார்.

முதல் வளவு காய்ந்து கிடந்தது.

கல் பாவிய தரை, சற்றே ஈரம், மூலையில் புறா இறகுகள், சருகு. கல்லுக்குக் கல் சரிவு வைத்துக் கட்டியிருந்தார்கள். விழுந்த மழை அத்தனையும் ஓரத்துத் துவாரம் வழியாக ஊருணிப் பக்கம் ஓடிப்போயிருந்தது. அந்தத் துவாரத்தில் செருகியிருந்த பித்தளைச் சல்லடை அப்படியே இருந்தது. சுவரோரம் அண்டாக்கள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கடைசியாக வீட்டைப் பூட்டிய யாரோ, ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

தலைவர் இரண்டாம் வளவுக்கு ஓடினார். அதுவும் அப்படித்தான். மூன்றாம் வளவில் ஓடு சரிந்து செடி முளைத்திருந்தது, தண்ணீர் நிற்கவில்லை. பின்கட்டுக் கிணறு தூர்ந்து வறண்டுபோயிருந்தது. நாங்கள் எல்லோரும் நின்றுவிட்டோம். அவர் நிற்கவில்லை. ஆட்டுக்கல்லின் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். குழிக்குள் தூசிதான் இருந்தது. ஓர் அண்டாவை நிமிர்த்தி உள்ளே பார்த்தார். அடுத்ததை நிமிர்த்தினார். மகன் போய், “அப்பா, வாங்கப்பா” என்று கையைப் பிடித்தார். கையை உதறிவிட்டு அடுத்த அண்டாவுக்குப் போனார். இறந்த பிள்ளைக்காக அந்த மனிதர் அந்த வீட்டில் ஒரு கை தண்ணீரைத் தேடினார். வக்கீல்கள் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், எந்தப் பொருளும் இடம் மாறவில்லை என்பதற்காக.

கடைசியில் அவர் என்னிடம் வந்தார். கை முழுக்கத் தூசி.

“நேத்து அம்புட்டு மழை பெஞ்சுச்சே சார்.”

“ஆமா சார்.”

“சர்வீஸ் பூரா லைன்ல எங்க கோளாறுன்னு தேடுனவன் நான். கம்பம் கம்பமாப் பாத்துக்கிட்டே போனா ஒரு எடத்துல அம்புட்டிரும். அம்புடாமப் போனதே இல்ல.” என் முகத்தை நேராகப் பார்த்தார். “அப்ப எங்கருந்து சார் வந்துச்சு?”

சம்ப்பில் கண்டதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவருக்குப் பின்னால் மகன் நின்றார். வீட்டில் மருமகள் இருப்பார், என்ன ஆனதோ என்று வாசலைப் பார்த்தபடி.

“கொசு விஷயத்துல அப்படி உறுதியாச் சொல்ல முடியாது சார்” என்றேன்.

அவர் இன்னும் கொஞ்சநேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, எல்லோரையும் விலக்கிக்கொண்டு வெளியே போனார்.

அன்றைக்குச் சாயங்காலமே முதல் வரிசையில் சம்ப்புகளைத் திறந்துவிட்டார்கள். மஸ்தூர் பெண் மருந்து ஊற்றிக்கொண்டே போனார். அநேகமாக எல்லாவற்றிலும் புழு இருந்தது. ஆனால் அதற்குள் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. காய்ச்சல் குறைந்தது எங்களாலா, பனியாலா என்று கேட்டால் எனக்குப் பனியைத்தான் சொல்லத் தோன்றும். அலுவலகக் கூட்டத்தில் சிறப்பாகக் கட்டுப்படுத்தியதாகப் பாராட்டினார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

தை பிறந்த பிறகு ஒரு நாள் அந்தத் தெரு வழியாகப் போனேன். தலைவர் வீட்டு வாசலில் ஒரு லாரி கிராவல் மண் கொட்டிக் கிடந்தது. சம்ப்பின் கல்லைப் புரட்டிப்போட்டுவிட்டு, அவரே மண்வெட்டியால் மண்ணை இழுத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. என்னைப் பார்த்து நிமிர்ந்தார்.

“தண்ணி கசியுது சார். அதான் மூடிர்றேன்.”

“ஆள் வச்சுச் செய்யலாமே சார்.”

“இல்ல, நானே செஞ்சாத்தான் செஞ்ச மாதிரி இருக்கும்.”

நாங்கள் கல்லைத் திரும்ப வைத்தபோது சரியாகப் பொருந்தாமல் இருந்ததோ, குழாயடியில் புதுச் சிமெண்டைப் பார்த்தாரோ, மருமகள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாரோ, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சங்கத்துக்கு வரவில்லை. கஷாய அண்டாவை வேறு யாரோ எடுத்துப் போனார்கள்.

மகன் சிங்கப்பூர் திரும்பியதும் மருமகள் தேவகோட்டைக்குத் தாய்வீடு போனவர், திரும்பவில்லை. ஒரு தடவை தேவகோட்டை பஸ் நிலையத்தில் பார்த்தேன். அவரே கிட்டே வந்தார். மாமா எப்படி இருக்கிறார், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார் என்று விசாரித்தார். போன் செய்தால் எடுப்பதில்லை என்றார். பிறகு சட்டென்று, “எங்கருந்து வேணா வந்திருக்கலாம்னு அன்னைக்குச் சொன்னீக. நெசமாச் சொன்னீகளா, எனக்காகச் சொன்னீகளா?” என்று கேட்டார்.

“நெசந்தாம்மா. யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது.”

அது பொய் இல்லை. உண்மையிலேயே யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் என் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார். காரைக்குடி பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கூட்டத்தில் அவரைக் காணவில்லை.

காய்ச்சல் குறைந்ததும் மஸ்தூர் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் வந்தால் எடுப்பார்கள், போனால் நிறுத்துவார்கள். இந்த வருஷம் ஆள் கேட்டுக் கூப்பிட்டபோது அவர் டவுனில் ஒரு துணிக்கடையில் சேர்ந்திருந்தார். “அந்த வேலை இனிமே என்னால முடியாது சார்” என்றார். புதிதாக வந்திருக்கும் பெண்ணுக்குப் புழு எப்படி இருக்கும் என்று பாட்டிலில் காட்டிக்கொண்டிருக்கிறேன். பைபாஸுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கடலைக்காட்டில் கல் ஊன்றி, வீடுகள் எழும்பி, தொட்டிகள் கட்டி முடித்துவிட்டார்கள். அங்கே குழாய்த் தண்ணீர் இன்னும் வரவில்லை, லாரியில் வாங்கி நிரப்புகிறார்கள். போன வாரம் மழை தொடங்கியது. நேற்று அங்கிருந்து இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். காலையில் போக வேண்டும்.